பேஸ்மட்டம் 3 அடி, மகனுக்குச் சக்கர நாற்காலி வரப்போகிறது: வீட்டை எப்படி அமைப்பது?

மன்னை டீச்சர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் 30-க்கு 50 மனையில் வீடு கட்டப் போகிறோம். கிழக்குப் பார்த்த மனை. தரைத்தளம் மட்டும்தான். அடுத்த வாரம் சுண்ணாம்புக் கோடு போடுவதாக இருக்கிறது, அதற்குள் சில விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்கு 76 வயது, முழங்கால் தேய்மானம், கண்ணும் முன்போல் இல்லை. அம்மாவுக்கு 71. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. நாலுகால் ஊன்றுகோல் வைத்து நடப்பார். என் மகனுக்கு 9 வயது. டூஷேன் என்ற தசைச்சிதைவு நோய். இன்று நடக்கிறான், வாரத்துக்கு ஒருமுறை இருமுறை விழுகிறான். 12 வயதுக்குள் சக்கர நாற்காலி தேவைப்படலாம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்புறம் நான், என் கணவர், 4 வயதில் ஒரு பெண்.

இன்ஜினியர் போட்டுத் தந்த வரைபடத்தில் பேஸ்மட்டம், அதாவது வெளித்தரையிலிருந்து வீட்டுத் தரை நிற்கும் உயரம், 3 அடி. எங்கள் தெருவில் பெருமழைக்கு முழங்கால் வரை தண்ணீர் நிற்கும், அதனால் அது. சக்கர நாற்காலி பற்றிச் சொன்னதும் வாசலில் 8 அடி நீளத்துக்கு ஒரு சரிவு சேர்த்தார். முன்பக்கம் ஒரு அறையை 'பேஷண்ட் ரூம்' என்று எழுதி, 4-க்கு 7 பாத்ரூம் ஒன்றையும் ஒட்டவைத்திருக்கிறார். மற்றதெல்லாம் எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

இது போதுமா? 8 அடி சரிவு போதும் என்கிறார். எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை. பணம் அளவாகத்தான் இருக்கிறது. எதில் செலவு செய்ய வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கொத்தனார்

டீச்சர், கோடு போடுவதற்கு முன்பே கேட்டீர்களே, அது பெரிய விஷயம். நான் குடியாத்தம் பக்கம். 22 வருடம் கரணை பிடித்தவன். 2009-ல் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். அதனால் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த 'பேஷண்ட் ரூம்' என்ற எழுத்தை வரைபடத்திலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். விழுந்த பிறகு மூன்று வருடம் என் அண்ணன் வீட்டில் முன்னறையில் இருந்தேன். அன்புக்குக் குறைவே இல்லை. சாப்பாடு தட்டில் வரும், காபி வரும். ஆனால் அந்த அறை நிலையைத் தாண்டி என் நாற்காலி போகாது. நாற்காலி இருபத்தைந்தரை அங்குலம், நிலைக்குள் இடைவெளி 24. ஒன்றரை அங்குலத்துக்காக மூன்று வருடம் அடுப்படியையும் பின்கட்டையும் நான் பார்க்கவில்லை. பின்பக்கம் ஒரு வேப்பமரம், நான் சிறுவயதில் நட்டது. அதை ஜன்னல் வழியாக, பாதி மரமாகத்தான் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் அடுப்படியில் பேசிச் சிரிப்பது காதில் விழும். உங்கள் மகனுக்கு அது வேண்டாம். அவன் தங்கை ஓடுகிற இடமெல்லாம் அவனும் போக வேண்டும், அடுப்படி, பின்வாசல், துணி துவைக்கிற கல் வரைக்கும். வீடு முழுக்க ஒரே மட்டம், வீடு முழுக்க அகலமான நிலை. செலவு செய்வதானால் இதில் செய்யுங்கள். தனி அறைக்காகச் செய்யாதீர்கள்.

இப்போது சரிவு. 3 அடி உயரத்துக்கு 8 அடி சரிவு என்பது மோட்டார் சைக்கிள் ஏற்றும் பலகை. நாற்காலியை அதில் தள்ளினால் பின்னால் கவிழும், இறங்கும்போது தள்ளுகிறவரையும் இழுத்துக்கொண்டு போகும். கணக்கு எளிது. ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளம் வேண்டும், 12-க்கு 1. தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் சரிவின் உச்ச அளவு இதுதான். இதைவிடச் செங்குத்தாக வேண்டாம், இதைவிடப் படுத்திருந்தால் நல்லது. 3 அடி என்றால் 36 அங்குலம், அதாவது 36 அடி சரிவு. 30 அங்குலம் ஏறுவதற்குள் ஒரு முறையாவது நின்று மூச்சு வாங்க மட்டமான மேடையும் வேண்டும்.

மனையில் இடம் எங்கே என்று பயப்படாதீர்கள். உங்கள் அளவை வைத்து நேற்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் கேள்வி, 3 அடி உண்மையாகவே வேண்டுமா? முழங்கால் தண்ணீர் என்றால் ஒன்றரை அடி. தெருவில் வயதானவர்களிடம் கேட்டு, மிக மோசமான மழைக்கு எங்கே வரை ஏறியது என்று சுவரில் கோடு காட்டச் சொல்லுங்கள். ஒன்றரை அடிதான் என்றால் இரண்டேகால் அடி பேஸ்மட்டம் போதும், அதற்கு மேலும் முக்கால் அடி பாக்கி இருக்கும். 27 அங்குலம், 27 அடி சரிவு.

முன்பக்கம் 15 அடி காலி விடுங்கள். கேட் தென்கோடியில் 8 அடி. கேட்டை ஒட்டியே சரிவு தொடங்கி, முன் மதிலை ஒட்டி வடக்கு நோக்கி 17 அடி போகட்டும். வடகிழக்கு மூலையில் 5-க்கு 5 மட்டமேடை. அங்கே திரும்பி வட மதிலை ஒட்டி மேற்கே 10 அடி ஏறினால் வீட்டு முகப்பு வந்துவிடும். 17-ம் 10-ம் 27. அங்கே வராந்தாவை வீட்டுக்குள் 5 அடி உள்வாங்கி வையுங்கள். நாற்காலி சரிவில் நின்றபடி கதவைத் திறக்க முடியாது, உருளும். மட்டத்தில் நின்று திறக்க வேண்டும். நடுவில் யார்டிலிருந்து நேராக வராந்தாவுக்கு ஐந்து படி. படியும் சரிவும் ஒரே வராந்தாவில் சேர வேண்டும், ஒரே தலைவாசல். பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோவது பொருள் ஏற்றுகிற வழி, மனிதர்கள் வருகிற வழி அல்ல.

தண்ணீர் பயத்தில் 3 அடிதான் என்று முடிவு செய்தால் இன்னும் 9 அடி சரிவு தேட வேண்டும், முகப்பை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். முடிவு உங்களுடையது.

சரிவின் அகலம் உள்ளளவு 4 அடி. இரண்டு ஓரத்திலும் 4 அங்குலக் கட்டை, சக்கரம் வழுக்கிக் கீழே இறங்காமல் இருக்க. கைப்பிடி இரண்டு பக்கமும். மேல்பூச்சு வெறும் சிமெண்டு, ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துக் கீறல் போடச் சொல்லுங்கள். அழகுக்காக கிரானைட் ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். மழையில் அதில் நான் வழுக்கியிருக்கிறேன், வேண்டவே வேண்டாம்.

நிலைகள். நம் ஊரில் அறைக்கு மூன்றடி, பாத்ரூமுக்கு இரண்டரை அடி என்று கேட்காமலே வைத்துவிடுவார்கள். நானும் நூறு வீட்டுக்கு அப்படித்தான் வைத்தேன். அது வெளியளவு. நிலைக்கட்டை இரண்டு பக்கம், திறந்து நிற்கும் கதவின் கனம் எல்லாம் போக இரண்டரை அடி நிலையில் 24 அங்குலம் கிடைத்தால் பெரிது. எல்லா நிலையும் மூன்றரை அடி வைக்கச் சொல்லுங்கள், பாத்ரூம் உட்பட. நடைபாதை இருந்தால் 4 அடி.

விழுந்த பிறகு வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் பயிற்சிக்கு இருந்தேன். 1966-ல் தொடங்கிய மையம். அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே என்னிடம் வீட்டை அளந்து எழுதி வரச் சொன்னார்கள். வீடு கட்டுகிற நானே அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு நிலையின் உள்ளளவை அளந்தேன் டீச்சர். 2017-ல் எனக்கென்று கட்டியபோது, கோடு போட்ட அன்றே நாற்காலியோடு கோட்டுக்குள் இறங்கிவிட்டேன். இது கட்டில், இது கக்கூஸ், இது அடுப்பு என்று செங்கல்லை வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் உருட்டிப் பார்த்தேன். பாத்ரூம் கோட்டை இரண்டு முறை அழித்துப் போட்டோம். அதற்கு ஆன செலவு ஒரு படி சுண்ணாம்பு. நீங்களும் அதைச் செய்யுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. சுவிட்ச் போர்டு மூன்றரை அடி உயரம், பிளக் பாயிண்ட் ஒன்றரை அடிக்குக் கீழே வேண்டாம். அடுப்படி மேடையில் ஒரு மூன்றடி நீளத்தை மட்டும் 30 அங்குல உயரத்தில் போட்டு, கீழே அலமாரி வைக்காமல் காலியாக விடுங்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கலாம், மகன் அங்கேயே வீட்டுப்பாடம் எழுதலாம். என் வீட்டில் அந்த மூன்றடியில்தான் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

கைத்துணை

நான் தொழில்வழி சிகிச்சையாளர், அதாவது குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சை தருகிறவள், பதினோரு வருடமாகக் குழந்தைகளோடு வேலை. கொத்தனார் அண்ணன் சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்க்க வேண்டும்.

அண்ணனுக்குக் கைபலம் உண்டு. டூஷேனில் கால்களுக்குப் பிறகு தோளும் கையும் பலம் குறைகின்றன. உங்கள் மகன் சக்கரத்தைத் தானே தள்ளுவது கொஞ்ச காலம்தான், பிறகு மின்சார நாற்காலி தேவைப்படும். அது நீளம், கனமும் அதிகம். அதனால் பாத்ரூமிலும் கட்டில் பக்கத்திலும் 5 அடி வட்டம் திரும்ப இடம் என்பது குறைந்தபட்சம், முடிந்தால் இன்னும் அரை அடி கூட்டுங்கள். வராந்தாவிலோ ஹாலிலோ நாற்காலி நிற்க ஒரு மூலை, அங்கே சார்ஜ் போட ஒரு பிளக்.

கதவுக்கு உருண்டைக் குமிழ் வேண்டாம், முழங்கையாலும் அழுத்தித் திறக்கக்கூடிய நீளக் கைப்பிடி.

பிடிமானக் கம்பிகள் அம்மாவுக்கு உதவும், மகனுக்குப் போகப் போக உதவாது. அவனைத் தூக்க வேண்டியிருக்கும். இன்று நீங்கள் தூக்குகிறீர்கள். 14 வயதில் முடியுமா? உங்கள் முதுகும் முக்கியம். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குத் தூக்கு கருவி பிற்பாடு தேவைப்படும். இப்போது வாங்க வேண்டாம். ஆனால் ஊஞ்சலுக்குத் தளம் போடும்போதே கொக்கி விடுவோம் அல்லவா, அதுபோல அவன் கட்டிலுக்கு நேர் மேலே தளத்திலேயே இடம் விட்டுவைக்கச் சொல்லுங்கள். நோயாளியின் எடை, கருவியின் எடை எல்லாம் சொன்னால் இன்ஜினியர் கம்பி கணக்குப் போட்டுத் தருவார். அவன் அறையும் பாத்ரூமும் ஒரு சுவரைத் தாண்டி நேர்கோட்டில் இருக்கட்டும்.

பாத்ரூமை 7-க்கு ஏழரை ஆக்குங்கள். 4-க்கு 7-ல் நாற்காலி நுழைந்தால் கதவு மூடாது. தரை வெளித்தரையோடு ஒரே மட்டம். தண்ணீர் வெளியே வரும் என்று மேஸ்திரி மறுப்பார். கதவோரம் ஒரு நீள ஜல்லடை வடிகால், குளிக்கும் இடத்தை நோக்கி மெல்லிய வாட்டம், அவ்வளவுதான், வராது. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவில் சாய்ந்துகிடந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறப்பதாக இருக்கட்டும்.

அம்மாவுக்கு இடதுபக்கம் பலவீனம். அதனால் கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் வலதுகைப் பக்கம் சுவர் வரும்படி வையுங்கள், கம்பி அங்கே. சுவர் ஹாலோ பிளாக் என்றால் கம்பி வருகிற இடத்தில் மட்டுமாவது கான்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாரம் விழும் நாளில் திருகாணியோடு கையில் வந்துவிடும். இருக்கை உயரம் 18 அங்குலம். வாசல் படிக்கும் கைப்பிடி இரண்டு பக்கமும் கட்டாயம். ஏறும்போது அம்மாவின் வலதுகை ஒரு பக்கம், இறங்கும்போது அதே வலதுகை எதிர்ப்பக்கம். ஒரு கைப்பிடி மட்டும் வைத்தால் அவரால் ஏறத்தான் முடியும், இறங்க முடியாது. இன்னொன்று, ஊன்றுகோல் வைத்து நடப்பவர்களில் பலருக்குச் சரிவைவிடப் படிதான் சுலபம், சரிவில் கணுக்கால் ஒத்துழைக்காது. அதனால் சரிவு வந்துவிட்டதே என்று படியை விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் ரொனால்ட் மேஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். உங்கள் மகனின் வயதில், 9 வயதில், போலியோ வந்தவர், சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். எல்லாருக்குமான வடிவமைப்பு என்ற கருத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். 1997-ல் அவரும் சகாக்களும் ஏழு கொள்கைகளாக எழுதினார்கள். அதில் ஒன்று, குறைந்த உடல் உழைப்பில் பயன்படுத்த முடிவது. கதவுப் பிடி, குழாய், சுவிட்ச் எது வாங்கினாலும் கடையில் அம்மாவின் இடது கையால் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் கொள்கை புரிந்துவிடும்.

தபால்காரர் 58

மகளே, உன் அப்பாவுக்குக் கண் முன்போல் இல்லை என்று ஒரே வரியில் எழுதிப் போய்விட்டாய். எனக்குக் கிளாக்கோமா, ஓரப்பார்வை போய்விட்டது, நேரே இருப்பது மட்டும் தெரியும். அவருக்காக நான் பேசுகிறேன்.

பளபளக்கும் வழவழப்பான டைல்ஸ் போடாதே. ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்தால் எனக்கு அது தண்ணீர் கொட்டிக் கிடப்பதுபோல் தெரியும், காலை வைக்கவே பயம். மங்கலான, சொரசொரப்பான வகை வாங்கு. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குலத்துக்கு வேறு நிறப் பட்டை வை. சாம்பல் படிக்கு மஞ்சள் நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் கடைசிப் படியும் தரையும் ஒரே நிறம். அங்கேதான் நான் விழுந்து மணிக்கட்டு உடைந்தது.

பாத்ரூமில் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளை இருக்கை என்று வைத்தால் ராத்திரியில் எது எங்கே என்று தடவ வேண்டியிருக்கும். இருக்கைக்குப் பின்சுவரை மட்டுமாவது அடர் நிறமாக்கு. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரைக்கு அருகில் சிறு விளக்குகள், ராத்திரி முழுக்க எரியட்டும். பெரிய விளக்கைத் திடீரென்று போட்டால் கண் கூசி இன்னும் தடுமாறுவோம்.

மன்னை டீச்சர்

அண்ணா, அக்கா, ஐயா, மூவருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேற்று மாலை எல்லாவற்றையும் கையால் எழுதி இன்ஜினியரிடம் கொண்டுபோனேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அமைதியாகப் படித்துவிட்டு, மூலையில் திரும்பும் சரிவைத் தானே திரும்ப வரைந்தார். தெருக்கோடிப் பாட்டி காட்டிய தண்ணீர்க் கோடு 17 அங்குலம். இரண்டேகால் அடிக்குச் சம்மதித்துவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். தலைவாசல். தேக்கு நிலைக்குச் சொல்லிவிட்டோம், கீழ்க்கட்டையோடு. கீழ்க்கட்டை தரையிலிருந்து மூன்று அங்குலம் மேலே நிற்கும். அதை எடுத்துவிடலாம் என்றேன். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வாசற்படி இல்லாத வீட்டில் லட்சுமி எங்கே இருப்பாள், வெள்ளிக்கிழமை எதற்கு மஞ்சள் பூசுவேன் என்கிறார். அவர் சொல்வதையும் என்னால் தள்ள முடியவில்லை. அந்த ஒரு கையால் இன்னும் விடாமல் பூசுகிறவர் அவர்.

பழைய கொத்தனார்

அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். கட்டையை எடுக்க வேண்டாம்.

நிலையை நிறுத்தும்போதே கீழ்க்கட்டை முழுவதும் தரைக்குள் இறங்கும்படி பள்ளம் விட்டு நிறுத்துங்கள். கட்டையின் மேல்முகம் டைல்ஸ் மட்டத்துக்கு வரும், தேக்குப் பலகை தரையில் பதித்ததுபோல் இருக்கும். நவரத்தினம், காசு எல்லாம் வழக்கம்போல் அடியில் போடலாம். வெள்ளிக்கிழமை மஞ்சளும் குங்குமமும் கட்டையின் மேல்முகத்தில் வைக்கலாம், இரண்டு நிலைக்காலின் அடியிலும் வைக்கலாம். அம்மா குனிய வேண்டிய ஆழம் கூடுமே என்றால், கால்களில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிறு தாமரையைச் செதுக்கச் சொல்லுங்கள், நாற்காலியில் உட்கார்ந்தே பொட்டு வைக்கலாம். என் வீட்டுத் தலைவாசல் அப்படித்தான். என் அம்மா இருந்தவரை அங்கேதான் வைத்தார்.

கட்டை தரைக்குள் போவதால் கரையான் மருந்து இரண்டு தடவை அடியுங்கள். வராந்தா தரை வெளிப்பக்கம் வாட்டமாக இருக்கட்டும், சாரல் தண்ணீர் உள்ளே திரும்பாது. கதவுக்கும் தரைக்கும் இடையில் பூச்சி வராமல் இருக்கக் கதவின் அடியில் ரப்பர் பட்டை.

கோடு போடுவது எப்போது?

மன்னை டீச்சர்

வியாழக்கிழமை காலை. அம்மாவிடம் தாமரையைப் பற்றிச் சொன்னேன். எத்தனை இதழ் என்று கேட்டார், எட்டு என்று சொல்லிவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் சக்கர நாற்காலி இரவல் கேட்டிருக்கிறேன். மகனை உட்காரவைத்து உருட்டிப் பார்க்கிறோம்.

பழைய கொத்தனார்

மகனை உட்காரவைக்க வேண்டாம் டீச்சர். அவன் நடக்கிற நாள் நடக்கட்டும். நீங்கள் உட்காருங்கள், உங்கள் கணவர் தள்ளட்டும். பிறகு அவர் உட்காரட்டும், நீங்கள் தள்ளுங்கள். கேட்டிலிருந்து வராந்தா, அங்கிருந்து அடுப்படி, பாத்ரூம், பின்வாசல் வரை. அளக்கும்போது நாற்காலியின் அகலத்தோடு கைவிரல் முட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். பையனிடம் சுண்ணாம்பு டப்பாவைக் கொடுங்கள், எங்கே இடித்தாலும் அவன் கோட்டை மாற்றிப் போடட்டும்.